இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை: திறந்த வழியும் துவார வழியும்

தமிழ் கற்பிப்பார்க்குச் சத்திரசிகிச்சையில் என்ன அலுவல் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். எம் கல்லூரியின் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் சிலர் சொல்லாக்கம் பற்றிக் கேட்க எம்மிடம் வந்தனர். 'கீகோல் சேர்ஜரி' என்று பத்திரிகைகளும் வைத்தியசாலைகளும் வழங்கும் தொடரைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பதே அவர்தம் வினா. சொல்லைத் தேடப் புகுந்த யாம் பொருளையும் தேடலாயினோம். தேடியவழி, வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையையும், சிறு துவாரங்கள் வழியே செய்யும் சத்திரசிகிச்சையையும் இரைப்பைப் புற்றுநோயில் வைத்து ஒப்புநோக்கிய பேராராய்ச்சிகள் சில எம் கைக்கு எட்டின. இரு பொருள்களை நடுநிலை வழுவாது ஒப்பிடுவது எவ்வாறு என்பதற்கு இவற்றினும் நல்ல பாடம் காண்டல் அரிது. ஆதலின் நோய் பற்றிய அறிவாகவும் ஒப்பீடு பற்றிய பாடமாகவும் இதனை வரைகின்றோம். நோயுற்றார்க்கு அவரைப் பார்க்கும் வைத்தியர் சொல்லே முதன்மையானது என்பதை இங்குச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலிற் சொல்லை நோக்குவோம். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நெடுநாள் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தார். அவர் காலத்தில் இத்துறை நூலுக்கு வாய்த்த பெயர் 'இரணவைத்தியம்' என்பது. இரணமாவது புண். பின்னர் ஈழத்தில் 'சத்திரசிகிச்சை' என்னும் வழக்கு நிலைபெற்றது, சத்திரமாவது கருவி. தமிழகத்தார் 'அறுவை' என்பர். அது வெட்டுதலைக் குறிக்கும். இன்று வந்துள்ள 'சாவித்துவாரம்' என்பதோ நுழையும் வாயிலைக் குறிக்கின்றது. புண், கருவி, வெட்டு, வாயில் ஆகிய நான்கும் பெயராயின; உள்ளே செய்யப்படும் செயலைக் குறித்து ஒரு பெயரேனும் எழவில்லை. இது சொல்லளவில் நின்றிருப்பின் யாம் வருந்தோம். நோயாளரும் உற்றாரும் பெயர் காட்டிய வழியே சென்று, காயத்தின் நீளத்தைக் கொண்டே சிகிச்சையை அளக்கின்றனர் என்பதே எம் கவலை.

இனி நோயைச் சிறிது சொல்வோம். இரையைத் தாங்கும் பை இரைப்பை. அதன் உட்சவ்விலே தோன்றும் புற்றுநோய் 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 968,000 பேரைப் புதிதாகப் பற்றியதென்றும், ஏறத்தாழ 660,000 பேர் அதனால் மாண்டனர் என்றும் உலகக் கணிப்புக் கூறுகின்றது. யப்பான், கொரியா, சீனா ஆகிய கீழைநாடுகளிலேயே இது மிகுதி. இலங்கையில் ஆடவர்க்கு வாய்ப் புற்றுநோயும் மகளிர்க்கு மார்புப் புற்றுநோயுமே முன்னிற்கின்றன. இரைப்பை நோய் அவற்றினும் குறைவு. குறைவாயினும், அசீரணம் என்று எண்ணி நாட்கடத்தப்படுவதால் முற்றிய நிலையிலேயே பெரும்பாலும் வெளிப்படுகின்றது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே மார்சல், வாறன் என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் இரைப்பையிலிருந்து வளர்த்தெடுத்துக் காட்டிய எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியா இந்நோய்க்கு ஒரு தலையாய காரணம். 1994இல் அது புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் வகுப்பிற் சேர்க்கப்பட்டது. 2005இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

திறந்த வழியின் வரலாறு வியன்னாவிலே தொடங்குகின்றது. பாரிசில் பேயான் என்பவர் 1879இலும், றிடிகியர் என்னும் போலந்துக்காரர் 1880இலும் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். நோயாளர் இருவரும் பிழைத்திலர். 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் தியோடர் பில்றொத் 43 வயதுப் பெண்ணொருத்தியின் இரைப்பையின் கீழ்ப்பாகத்தை நோயோடு அரிந்தெடுத்து, எஞ்சியதை முன்சிறுகுடலோடு தைத்தார். அப்பெண் எழுந்து நடந்து வீடு சென்றாள்; எனினும் நான்கு திங்களளவில் மாண்டாள். சத்திரசிகிச்சை பிழைக்கவில்லை, நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. மாணவர்கள் இவ்விடத்திற் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். வெட்டியதும் தைத்ததும் குற்றமற்றனவாயிருந்தும், நோய் இரைப்பையின் எல்லையைக் கடந்திருந்தமையால் அவள் உயிர் நிலைக்கவில்லை. 1897இல் சூரிச் நகரில் சிலாற்றர் இரைப்பை முழுவதையுமே நீக்கி, நோயாளர் ஓராண்டுக்கு மேல் வாழக் கண்டார். அதன்பின் எழுந்த வினா, நோய் எவ்வழியே பரவுகின்றது, அவ்வழியை எங்ஙனம் அடைப்பது என்பதாயிற்று.

அவ்வழிகளுட் பெரியது நிணநீர். இரைப்பையைச் சூழ்ந்தும், அதற்குக் குருதி கொணரும் நாடிகளைப் பற்றியும் அவரை விதையளவும் அதனிற் சிறியனவுமாய் நிணநீர்க் கணுக்கள் கோவைகோவையாக உள்ளன. புற்றுநோய்க் கலங்கள் இவற்றிலே முதலிற் சென்று தங்கும். யப்பானிய வைத்தியர்கள் இக்கணுக் கோவைகளுக்கு வரிசையெண் இட்டு, எந்நிலை நோய்க்கு எவ்வெண்களை நீக்குவது என்பதை 1962ஆம் ஆண்டு முதல் விதிநூலாக வகுத்து வந்துள்ளனர். இரைப்பையை மட்டும் நீக்கிக் கணுக்களை விடுதல் வேரை விட்டுக் கொடியை அறுத்தலை ஒக்கும். நோயின் நிலையைச் சரியாகக் கணிப்பதற்குக் குறைந்தது 16 கணுக்களையேனும் எடுத்து ஆராய்தல் வேண்டும் என்பது இன்றைய நெறி. ஆகவே இச்சத்திரசிகிச்சையின் உள்ளீடு மூன்று: நோயுற்ற பகுதியை வேண்டிய எல்லை விட்டு நீக்கல், கணுக்களைத் துப்புரவாக நீக்கல், உணவு செல்லும் வழியை மறுபடி இணைத்தல். திறந்த வழியாயினும் துவார வழியாயினும் இம்மூன்றும் ஒன்றே.

திறந்த வழியில் மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து கொப்பூழ் வரையும், வேண்டின் அதற்குக் கீழும், வயிறு நடுவே பிளக்கப்படும். சத்திரவைத்தியர் இரு கையாலும் தொட்டு, பிடித்து, அறுத்து, தைப்பார். துவார வழியில் பெரும்பாலும் ஐந்து துவாரங்கள் இடப்படும். அவை 5 முதல் 12 மில்லிமீற்றர் விட்டத்தன. ஒன்றன் வழியே விளக்கும் கமராவும் பொருந்திய குழாய் செல்லும். ஏனையவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகள் செல்லும். வயிற்றறையில் இடம் உண்டாக்குதற்குக் காபனீரொட்சைட்டு வாயு செலுத்தப்படும். அவ்வாயு எரியாது, குருதியிற் கரைந்து சுவாசத்தோடு வெளியேறும், ஆதலின் அதனைத் தேர்ந்தனர். வைத்தியர் வயிற்றைப் பாராது எதிரே உள்ள திரையைப் பார்த்தே வேலை செய்வர். திரையில் உறுப்புகள் பெருத்துத் தோன்றுதலின் நுண்ணிய நாடிகளும் நரம்புகளும் தெளிவாகத் தெரியும். கையாற் தொட்டறியும் அறிவோ இல்லையாகும்.

சாவித்துவாரம் என்ற பெயர் ஓரளவுக்கு மயக்குவது என்று முன்னர்க் குறித்தோம். பழைய வீட்டுக் கதவின் சாவித்துவாரம் எட்டிப் பார்க்க உதவுமேயன்றி அதன் வழியே பெட்டகத்தை வெளியே எடுத்தல் இயலாது. ஈண்டும் அதுவே. நீக்கிய இரைப்பை 12 மில்லிமீற்றர்த் துவாரத்தால் வராது. பெரும்பாலும் கொப்பூழருகே நாலைந்து சதமமீற்றர் நீளம் வெட்டியே அதனை வெளியே எடுப்பர். எனவே காயம் சிறிது என்பது மெய். காயமே இல்லை என்பது பொய். எம் மாணவர்க்கு யாம் சொல்லிய சொல் 'துவார வழிச் சத்திரசிகிச்சை' என்பது. இதனினும் நல்லது கிடைப்பின் ஏற்போம்.

இவ்வழியும் ஒரே நாளில் வந்ததன்று. 1901இல் கெலிங் என்னும் யேர்மானியர் நாயின் வயிற்றினுட் குழாய் செலுத்திப் பார்த்தார். 1910இல் சுவீடன் நாட்டு யக்கோபேயசு மனிதரிற் பார்த்தார். பார்த்தலிலிருந்து செய்தலுக்கு வரப் பல பத்தாண்டுகள் சென்றன. கீல் நகரின் கேர்ட் செம் 1980இல் குடல்வாலை இவ்வழியே நீக்கியபோது அவர் நாட்டுச் சத்திரவைத்தியர் பலர் எள்ளினர். 1985இல் எரிக் மூகே பித்தப்பையை நீக்கினார். 1991இல் யப்பானியராகிய கித்தானோ தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோயை இவ்வழியே நீக்கினார். குடல்வாலும் பித்தப்பையும் வேறு, புற்றுநோய் வேறு. வாயுவின் அழுத்தத்தால் நோய்க்கலங்கள் வயிற்றறை எங்கும் சிதறுமோ, துவாரப் புண்களிலேயே நோய் முளைக்குமோ, கணுக்கள் எஞ்சிவிடுமோ என்று 1990களில் அறிஞர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. அதனைப் போக்குவதற்கு வாதம் போதாது, சோதனையே வேண்டும்.

எம் உறவினுள் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்துக் கூறல் பொருந்தும். சில ஆண்டுகளின் முன் எம் ஒன்றுவிட்ட தமையனார்க்கு இந்நோய் உண்டென்று உள்நோக்கிப் பரிசோதனையால் அறியப்பட்டது. அவரைப் பார்த்த சத்திரவைத்தியர் திறந்த வழியே தக்கது என்றார். மூத்த மகன் ஒப்பவில்லை. துவார வழி செய்யும் இடத்தைக் கொழும்பிலும் சென்னையிலும் தேடினான். காணி விற்கவும் முனைந்தான். எம் சின்னம்மாவோ எம்மைப் பார்த்து, "சின்ன ஓட்டையாலை முழு வருத்தத்தையும் எடுக்கேலுமோ தம்பி? வெட்டினாத்தானே வடிவாத் தெரியும்" என்றார். வீட்டார் இரு கட்சியாயினர். ஆறு வாரம் இவ்வாறு கழிந்தது. அவ்வாறு வாரத்தில் அண்ணரின் நிறை ஐந்து கிலோ குறைந்தது. இரு கட்சியாரும் துவாரத்தையே பேசினர். நோய் எந்நிலையில் உள்ளது, கணுக்கள் எவ்வளவு நீக்கப்படும், இதனைச் செய்பவர் ஆண்டுக்கு எத்தனை செய்கின்றார் என்று ஒருவரும் கேட்டிலர். ஈற்றில் திறந்த வழியிலேயே செய்யப்பட்டது.

இனிச் சோதனைகளைக் காண்போம். இரு வகுப்பு மாணவரின் திறனை ஒப்பிட வேண்டுமாயின், கெட்டிக்காரரை ஒரு வகுப்பிலும் மற்றையோரை மறு வகுப்பிலும் இருத்திவிட்டுப் புள்ளிகளைக் கூட்டுதல் நேர்மையாகாது. தொடக்கத்தில் துவார வழியைப் புகழ்ந்த அறிக்கைகள் பலவற்றில் இக்குறையே இருந்தது: நோய் சிறிதாயிருந்தோரும் உடல்நலம் மிக்கோருமே அவ்வழிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஆதலின் நோயாளரின் ஒப்புதல் பெற்று, யார் எவ்வழிக்குச் செல்வது என்பதை வைத்தியர் விருப்பிற்கு விடாது எழுமாறாகப் பகுத்தல் வேண்டும். சீட்டுக் குலுக்குதல் போன்றது இது. உயிர் பற்றிய செய்தியிற் சீட்டா என்று சிலர் திடுக்கிடுவர். எவ்வழி சிறந்தது என்பது உண்மையாகவே தெரியாதவிடத்து, தெரிந்தவர் போல் நடித்தலினும் அதுவே அறமுடையது என்பது எம் துணிபு.

கொரியாவில் 13 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 15 சத்திரவைத்தியர்கள், 2006 முதல் 2010 வரை, முதல்நிலை நோயுடைய 1,416 பேரை இவ்வாறு பகுத்தனர். அவ்வைத்தியர் ஒவ்வொருவரும் இருவழியிலும் ஐம்பதைம்பது சத்திரசிகிச்சையேனும் செய்து பழகியிருத்தல் வேண்டும் என்பது நுழைவுத் தகுதி. ஐந்தாண்டின்பின் துவார வழியாரில் நூற்றுக்கு 94.2 பேரும், திறந்த வழியாரில் 93.3 பேரும் உயிரோடிருந்தனர். சிகிச்சையை அடுத்து வந்த சிக்கல்கள் துவார வழியில் நூற்றுக்கு 13.0, திறந்த வழியில் 19.9. காயம் பற்றிய சிக்கல் மட்டும் முறையே 3.1, 7.7. யப்பானிலும் 921 முதல்நிலை நோயாளர் சோதிக்கப்பட்டனர். ஐந்தாண்டு நோய் மீளாது வாழ்ந்தோர் துவார வழியில் நூற்றுக்கு 95.1, திறந்த வழியில் 94.0. தொடக்கநிலை நோயைப் பொறுத்தவரை வழக்கு இத்துடன் தீர்ந்தது எனலாம்.

முற்றிய நோயிலேயே உண்மையான போட்டி இருந்தது. அங்கே கணு நீக்கம் விரிவானது. நாடிகளைச் சுற்றிச் சதையியின் விளிம்பு வரை செல்ல வேண்டும். சீனாவில் 14 வைத்தியசாலைகளில் 2012 முதல் 2014 வரை 1,056 பேர் பகுக்கப்பட்டனர். மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்தோர் துவார வழியில் நூற்றுக்கு 76.5, திறந்த வழியில் 77.8. ஐந்தாண்டில் உயிரோடிருந்தோர் முறையே 72.6, 76.3. பின்னைய எண்களைப் பார்த்துத் திறந்த வழியே மேல் என்று மாணவன் ஒருவன் துணியக்கூடும். அத்துணை அளவுள்ள கூட்டத்தில் அவ்வளவு வேறுபாடு தற்செயலாலும் விளையக்கூடும் என்பது புள்ளிவிபரவியலார் விடை. எனினும் ஐயமுடையார் இவ்வெண்களைச் சுட்டுவது தவறென்று யாம் கொள்ளோம். கொரியாவில் முற்றிய நோயுடைய 1,050 பேரிற் செய்த மற்றொரு சோதனையில், மூன்றாண்டு நோய் மீளாதோர் துவார வழியில் நூற்றுக்கு 80.3, திறந்த வழியில் 81.3, முதற் சிக்கல்கள் முறையே 16.6, 24.1.

இச்சோதனைகள் யாவும் துவார வழி சிறந்தது என்று நிறுவ எழுந்தவையல்ல. தாழ்ந்ததன்று என்று நிறுவ எழுந்தவை. 'சமம்' என்பதும் 'தாழ்வன்று' என்பதும் ஒன்றல்ல. எவ்வளவு குறைவு நேரினும் பொறுக்கலாம் என்று ஓர் எல்லையை முன்னரே வரைந்து, அவ்வெல்லையைக் கடவாவிடின் தாழ்வன்று என்பர். சீனச் சோதனையில் அவ்வெல்லை நூற்றுக்குப் பத்து. முதற் கொரியச் சோதனையில் ஐந்து. எல்லையை யார் வரைந்தனர், எவ்வளவு அகலமாக வரைந்தனர் என்று கேளாமல் 'இரண்டும் ஒன்றே' என்று பத்திரிகை எழுதுதல் சொற்பொருள் அறியாமையாம். இலக்கணம் கற்கும் மாணவர் இதில் மகிழ்வர் என்று நம்புகின்றோம்.

பின்னைய கொரியச் சோதனையிலே எம்மை மிகக் கவர்ந்தது ஒன்றுண்டு. பங்குபற்ற விரும்பிய வைத்தியர்கள் தாம் செய்த சத்திரசிகிச்சையின் வெட்டித் திருத்தாத படச்சுருளை முழுமையாக அனுப்புதல் வேண்டும். மதிப்பீட்டாளர் அதனைப் பார்த்து, கணு நீக்கம் விதிப்படி நிகழ்ந்தது என்று ஏற்ற பின்னரே இடம் கிடைத்தது. அனுபவம் முதிர்ந்தவர்களும் இப்பரீட்சைக்கு இருந்தனர். பெயரின் பின்னே பட்டங்களை அடுக்கி அனுப்பினாற் போதும் என்று அங்கு ஒருவரும் சொல்லவில்லை.

இத்தேர்வு ஏன் வேண்டும் என்பதை ஒல்லாந்து நாட்டின் பழைய சோதனை ஒன்று காட்டும். அது துவாரம் பற்றியதன்று. திறந்த வழியிலேயே குறுகிய கணு நீக்கமும் யப்பானியர் முறையிலான விரிந்த கணு நீக்கமும் ஒப்பிடப்பட்டன. 711 பேரில் விரிந்த முறைக்கு உட்பட்டோர் நூற்றுக்குப் பத்துப் பேர் வைத்தியசாலையிலேயே மாண்டனர். குறுகிய முறையில் நான்கு பேரே. யப்பானில் நன்மை தந்த முறை ஒல்லாந்தில் உயிர் குடித்தது. ஆண்டுக்குச் சில நோயாளரையே காணும் வைத்தியசாலைகள் பல அச்சோதனையிற் பங்குபற்றியமையும், சதையியின் ஒரு பகுதியையும் மண்ணீரலையும் சேர்த்து நீக்கியமையும் காரணமெனக் கண்டனர். ஆயினும் 15 ஆண்டு கழித்து, 2010இல், மீளக் கணித்தபோது இரைப்பைப் புற்றுநோயால் இறந்தோர் விரிந்த முறையில் நூற்றுக்கு 37, குறுகிய முறையில் 48 ஆயினர். முறை நன்று, அதனைக் கற்றுத் தேறாதார் கையில் அது தீது. துவார வழியோ கற்றற்கு இன்னும் அரிது. நோயாளர் குறைவாகவுள்ள எம்போன்ற நாடுகளிற் பழகும் வாய்ப்பும் குறைவு. கொரிய எண்களை அவ்வண்ணமே பெயர்த்து வந்து எவ்விடத்தும் பொருத்துதல் ஆகாது.

ஒல்லாந்தர் தம் நாட்டிலேயே துவார வழியையும் சோதித்தனர். 2015 முதல் 2018 வரை 10 வைத்தியசாலைகளில் 227 பேர். அங்கே குருதியிழப்பு துவார வழியில் 150 மில்லிலீற்றர், திறந்த வழியில் 300. எடுத்த நேரம் முறையே 216, 182 நிமிடம். வைத்தியசாலையில் தங்கிய நாட்கள்? இருசாரார்க்கும் ஏழே. துவார வழியார் விரைவில் வீடு செல்வர் என்று பெரிதும் பேசப்பட்டமையின் இவ்விடை பலரை வியப்பித்தது. காரணம் எளிது. இருசாராரையும் மறுநாளே எழுப்பி நடத்தி, விரைவில் உணவூட்டி, நோவைத் தக்க மருந்தால் அடக்கினர். முன்னர்த் துவாரத்தின் புகழாகக் கணக்கிடப்பட்டதிற் பெரும்பங்கு நல்ல பராமரிப்பின் புகழே. வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்திலே நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தே நின்று உதவுவானையும் ஒரு கூறாக வைத்தமை நினைவுக்கு வருகின்றது.

வேறுபாடு இல்லை என்று யாம் சொல்ல வரவில்லை. காயம் சிறிதாதலின் நோவு குறைவு. புண் சீழ்க்கட்டுதல் குறைவு. நாள் சென்றபின் வெட்டிய இடத்தில் குடல் பிதுங்குதலும், குடல்கள் ஒட்டி அடைபடுதலும் குறைவு. உடலுழைப்பால் வாழும் ஒருவர்க்கு இவை சிறியன அல்ல. மறுபுறத்தே நேரம் கூடும்; கருவிகள் விலையுயர்ந்தவை, அவற்றுட் சில ஒருமுறையே பயன்படுவன. முன்பு பலமுறை வயிறு வெட்டப்பட்டுக் குடல்கள் ஒட்டியிருப்போர், கட்டி மிகப் பருத்தோ அயலுறுப்பைப் பற்றியோ இருப்போர், வாயுவின் அழுத்தத்தை இருதயமும் சுவாசப்பையும் தாங்காதோர், குருதிப் பெருக்கோடு அவசரமாக வந்தோர் ஆகியோர்க்குத் திறந்த வழியே பெரும்பாலும் தக்கது. துவார வழியில் தொடங்கி இடையிலே வயிற்றைத் திறக்க நேர்தலும் உண்டு. அதனைத் தோல்வி என்று உற்றார் முணுமுணுத்தல் கூடாது; இடர் கண்டவிடத்துத் தயங்காது திறப்பவரே நல்ல வைத்தியர்.

எவ்வழியாயினும் மாறாதது பிந்திய வாழ்க்கை. இரைப்பை குறைந்தோர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும்; இனிப்பை மிகுதியாக உண்டால் உணவு குடலுக்குள் விரைந்து சரிந்து, வியர்வையும் தலைச்சுற்றும் உண்டாகும். முழு இரைப்பையும் இழந்தோர் விற்றமின் பி12ஐ வாழ்நாள் முழுதும் மருந்தாகப் பெற வேண்டும். பொதுவாக ஊசி வழியாகவே அது ஏற்றப்படும். துவாரத்தாற் செய்தோம் என்று உடல் இதில் ஒரு சலுகையும் தாராது. மேலே சொன்ன எம் தமையனார் நாளொன்றுக்கு ஆறு வேளை சிறங்கையளவு உண்கின்றார். திருவிழாக் காலத்திலே எம்மோடு கோயிலுக்கும் நடந்து வருகின்றார்.

துவாரம் ஐயமின்றி வெல்லும் இடம் ஒன்றுண்டு. அதனைப் பொதுமக்கள் அறியார். முற்றிய நோயில் வயிற்றறையின் உட்போர்வை மீது மணல் தூவினாற்போல நோய் பரவியிருத்தல் கூடும். படமெடுக்கும் பொறிகளுக்கு அது பலகாலும் புலப்படாது. முதலிலே ஒரு குழாயைச் செலுத்திப் பார்த்து அப்பரவலைக் கண்டுவிடின், பயனில்லாத பெருங்காயம் ஒன்று தவிர்க்கப்படும். வியன்னாவின் அப்பெண்ணின் காலத்தில் இது இருந்ததன்று. இன்னொரு புறத்தே, சவ்வளவில் நிற்கும் மிகத் தொடக்க நோயை வாய்வழியே செலுத்தும் உள்நோக்கியாலேயே சீவி எடுத்துவிடுகின்றனர். அங்கே வயிற்றிற் துவாரமும் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் அந்நிலையிற் கண்டறிதற்கு நோய் குறி காட்டுமுன் தேட வேண்டும். கொரியர் 1999இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 40 வயதைக் கடந்தோரை ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கின்றனர். மேற்காட்டிய 94 என்னும் எண்ணின் இரகசியம் கத்தியில் மட்டும் இல்லை; இதிலும் உண்டு. நோய் குறைந்த எம் நாட்டில் அத்தகைய பெருந்திட்டம் வேண்டுவதில்லை. வாரக்கணக்கில் நீங்காத வயிற்று மந்தம், காரணமின்றி உடல் மெலிதல், கரிய மலம், விழுங்குதற் தடை, இரத்தசோகை ஆகியவை தோன்றின், கசாயத்தோடு நில்லாது உள்நோக்கிப் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மருந்தின் பங்கையும் ஓர் எண்ணாற் காட்டுவோம். பிரித்தானியாவில் 503 பேரிற் செய்து 2006இல் வெளியிட்ட சோதனையில், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோரில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 23. அதற்கு முன்னும் பின்னும் புற்றுநோய் மருந்துகளும் பெற்றோரில் 36. துவாரத்தையும் வெட்டையும் ஆயிரக்கணக்கானோரிற் சோதித்தும் ஒருசில புள்ளிகள் மேலும் கீழும் அசைந்தனவே அன்றி இத்துணை இடைவெளி காணப்படவில்லை. ஆயினும் எம்மிடையே காணியை விற்றுத் துவாரம் தேடுவோர் உளர். மருந்தேற்ற அஞ்சி நடுவே நிறுத்துவோரும் உளர்.

முழு இரைப்பையை நீக்கும் சத்திரசிகிச்சையில் உணவுக்குழாயையும் குடலையும் இணைத்தல் கடினமாதலின், அங்கே துவார வழியின் தகுதி இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. இயந்திரக் கரங்களை அப்பாலிருந்து வைத்தியர் இயக்கும் முறையும் வந்துவிட்டது. மணிக்கட்டுப் போல வளையும் அக்கருவிகள் ஒடுங்கிய இடத்தில் நன்கு தொழிற்படும் என்பர், விலையோ மிகப் பெரிது. எம் கல்லூரியின் பழைய மாணவருள் சத்திரவைத்தியரும் புற்றுநோய் மருத்துவரும் பலர் உளர். இவை பற்றி எம்மினும் நன்கறிந்த அவர்கள் அடுத்த மலரிலே தமிழில் எழுதுவாராக. கலைச்சொற்கள் வேண்டுமாயின், தமிழாசிரியர் அறைக்கதவு திறந்தே இருக்கும்.